பாரமான ட்ரெயிலர் இழுக்கும் கெப்பில் ஓவர்டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கெப்பின் (பிக்கப் வண்டியின்) பின்னால் படகு போகும், தண்ணீர் பவுசர் போகும், கொங்கிறீற் மிக்சரும் ஜெனரேட்டரும் கை உழவு இயந்திரமும் போகும். கரையோர வீதி நெடுகத் தட்டை என்பதால் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போய்வரும் வரை கியர்பொக்ஸ் எதையும் காட்டிக்கொடுக்காது. அதே ட்ரெயிலரோடு பசறைக்கோ, மஹியங்கனை தாண்டிக் கண்டிக்கோ ஏறும் நாளில்தான் ஒயில் கருகுகிறது. ஓவர்டிரைவைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி அந்த ஏற்றத்திலிருந்தும் மீதி திரும்பி வரும் இறக்கத்திலிருந்தும் பிறந்தவை.

ஓவர்டிரைவ் என்றால் சரியாக என்ன?

எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது கியர்பொக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு ஒரு சுற்றுக்கு மேல் சுற்றினால், அந்தக் கியர் ஓவர்டிரைவ். டொயோட்டாவின் ஏ340 வகை நான்கு கியர் ஓட்டோ (தானாகவே கியர் மாற்றும்) பொக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விகிதங்கள் முதல் கியருக்கு 2.80, இரண்டாவதுக்கு 1.53, மூன்றாவதுக்கு 1.00, நான்காவதுக்கு 0.705. மூன்றாவதில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நான்காவதில் எஞ்சின் 705 சுற்றுச் சுற்ற, தண்டு 1,000 சுற்றுச் சுற்றும்.

வேகம் கூடும் அளவுக்கு முறுக்கு விசை குறையும். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால் மூன்றாவது கியரில் அந்த 300உம் தண்டுக்குப் போகும். ஓவர்டிரைவில் 211தான் போகும். வெறும் வண்டிக்கு அது தாராளம். பின்னால் ஒன்றரைத் தொன் தொங்கும்போது கணக்கு வேறு.

‘ஓ/டி ஓஃப்’ விளக்கு எரிந்தால் ஓவர்டிரைவ் வேலை செய்கிறதா, இல்லையா?

இல்லை. விளக்கு எரிந்தால் ஓவர்டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறது, வண்டி மூன்றாவது கியருக்கு மேல் போகாது. விளக்கு அணைந்திருந்தால்தான் நான்காவது கியர் கிடைக்கும். கியர் லீவரின் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், திரும்ப அழுத்தினால் அணையும். விளக்கு எரிவதை ‘போட்டிருக்கு’ என்று எடுத்துக்கொண்டு, ஏற்றத்தில் அதை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். வாங்கிய புதிதில் ஒருமுறை தட்டையான வீதியில் 70இல் போகும்போது அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) ஏறினால் ஓவர்டிரைவ் பூட்டப்பட்டுவிட்டது.

பாரத்தோடு ஓவர்டிரைவில் ஓடினால் கியர்பொக்ஸ் உடையுமா?

ஓவர்டிரைவில் ஓடுவதால் மட்டும் உடையாது. ஓவர்டிரைவால் தாங்க முடியாத இடத்தில் அதை விட்டுவைத்தால்தான் உடையும். அந்த இடம் எது என்பதை எண்களில் பார்க்கலாம்.

கெப் 2 தொன், அதற்குள் ஆட்களும் சாமானும் 400 கிலோ, ட்ரெயிலர் 1.5 தொன், மொத்தம் 3.9 தொன் என்று வைப்போம். பின் அச்சின் விகிதம் 4.1, டயர் 265/65 ஆர்17. 60 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய 1,700 ஆர்பிஎம்மிலும் ஓவர்டிரைவில் ஏறக்குறைய 1,200இலும் சுற்றும். தட்டையான வீதியில் இந்த வேகத்தைப் பிடித்து வைக்க எஞ்சின் தரவேண்டியது மூன்றாவதில் சுமார் 100, ஓவர்டிரைவில் சுமார் 145 நியூட்டன் மீட்டர். இரண்டும் அதற்குப் பெரிய வேலை இல்லை.

இப்போது வீதி நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் என்று ஏறுகிறது. கண்ணுக்கு இது ஏற்றமாகவே தெரியாது. ஆனால் மூன்றாவதில் தேவை 220 ஆகிறது, ஓவர்டிரைவில் 315. டொயோட்டாவின் 3.0 லீட்டர் டீசல் எஞ்சினின் உச்சமே 343 அளவில்தான், அதுவும் 1,400 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறிய பிறகு. 1,200இல் டர்போ சரியாக ஊத ஆரம்பித்திருக்காது. எஞ்சின் திணறும், நீங்கள் அக்ஸிலேட்டரை மிதிப்பீர்கள், பொக்ஸ் மூன்றாவதுக்கு இறங்கும். மேடு கொஞ்சம் தணிந்ததும் நீங்கள் காலைத் தளர்த்துவீர்கள், அது நான்காவதுக்கு ஏறும். உடனே திரும்பத் திணறும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ‘கியர் தேடுது’ என்கிறோம்.

ஓட்டோ பொக்ஸைத் தின்பது இந்தத் தேடல்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் கொஞ்ச நேரம் வழுக்கியே பிடிக்கும், வழுக்கும் நேரமெல்லாம் சூடு. அதோடு எஞ்சினின் விசையை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டருக்குள் இருக்கும் லொக்-அப் கிளட்சும் விட்டுவிட்டுப் பிடிக்கும். லொக்-அப் பிடித்திருக்கும்போது எஞ்சினும் பொக்ஸும் நேரடியாகக் கோத்திருக்கும், வழுக்கல் இல்லை. அது விட்டுவிட்டால் விசையெல்லாம் ஒயில் வழியாகத்தான் போகவேண்டும். ஒயிலைக் கடைந்துகொண்டே மேடேறினால் பத்து நிமிடத்தில் வெப்பம் முப்பது, நாற்பது பாகை கூடுவது சாதாரணம்.

ஆகவே பொக்ஸ் ஒரே கியரில் அமைதியாக ஓடினால் அது ஓவர்டிரைவாக இருந்தாலும் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு தடவை தானாக இறங்கி ஏறினால் பொத்தானை அழுத்துங்கள். மூன்றாவது தடவைக்குக் காத்திருக்க வேண்டாம்.

லொக்-அப் பிடித்திருக்கிறதா என்று ஓடும்போது எப்படித் தெரியும்?

வேகத்தை நிலையாக வைத்து, அக்ஸிலேட்டரை எடுக்காமல், இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மெல்லத் தொடுங்கள். லொக்-அப் பிடித்திருந்தால் உடனே விட்டுவிடும், ஆர்பிஎம் 200, 300 ஏறும். காலை எடுத்தால் சில நொடியில் பழைய இடத்துக்கு இறங்கும். ஊசி அசையாவிட்டால் லொக்-அப் அப்போது பிடித்திருக்கவில்லை. வெற்று வீதியில் மட்டும் செய்து பாருங்கள்.

எங்கள் பக்க வீதிகளில் எங்கே போடலாம், எங்கே எடுக்கவேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரை போகும் ஏ4 வீதியில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே சிக்கல் சனநெருக்கம். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊருக்குள்ளேயே ஊர் வரும். வேகம் 30க்கும் 50க்கும் இடையில் ஆடும். நான்காவது கியர் பிடிக்கும் வேகத்தின் விளிம்பிலேயே ஓடுவதால் பொக்ஸ் சும்மா ஏறி இறங்கும். ஊர் கடக்கும் வரை ஓவர்டிரைவை எடுத்துவிடுங்கள். திருக்கோவில் தாண்டி வெளி வந்த பிறகு 60இல் நிலையாகப் போகமுடிந்தால் போடலாம்.

பொத்துவிலிலிருந்து லாகுகல, சியம்பலாண்டுவ வழியாக மொனராகலைக்குப் போகிறவர்கள் பொத்துவில் சந்தியிலேயே எடுத்துவிடுவது நல்லது. பெரிய மலை இல்லை, ஆனால் வீதி அலை அலையாக ஏறி இறங்கும், அதுதான் தேடலுக்குத் தோதான நிலம். லாகுகலவில் யானைக்காக வேகம் குறைக்கவேண்டி வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நான்காவது கியருக்கு அங்கே வேலையே இல்லை.

செங்கலடியிலிருந்து ஏ5 வீதியில் கரடியனாறு, புல்லுமலை, மஹாஓயா என்று போகும்போது நிலம் மெதுவாக உயர்ந்துகொண்டே போகும். இங்கே இன்னொரு விசயம் கச்சான் காற்று. வைகாசி தொடங்கி புரட்டாதி வரை மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று நேர் முகத்தில் வரும். உயரமான கூடு அடித்த ட்ரெயிலரோ, நிமிர்த்திக் கட்டிய படகோ பின்னால் இருந்தால் அந்தக் காற்று ஒரு சின்ன மேட்டுக்குச் சமன். 60இல் 30 கி.மீ. எதிர்க்காற்று என்றால் வண்டிக்கு அது 90இல் போகிற மாதிரித்தான், காற்றுத் தடை இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். வெளி வெப்பமும் 35 பாகைக்கு நிற்கும் காலம் அது. போன மாரியில் ஓவர்டிரைவில் சுகமாகப் போன அதே வீதி ஆடி மாதத்தில் தேட வைப்பது இதனால்தான். வண்டியில் பழுது என்று நினைத்து கராஜுக்குக் கொண்டுபோகிறார்கள்.

பதியத்தலாவையில் பிரிந்து மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போனால் பதினெட்டு வளைவு. பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்குப் போனால் பசறை ஏற்றம். இந்த இரண்டிலும் ஓவர்டிரைவைப் பற்றிய பேச்சே இல்லை. நூற்றுக்கு எட்டு என்று ஏறும் இடத்தில் மேலே சொன்ன 3.9 தொன்னை 60இல் இழுக்க மூன்றாவது கியருக்கே 420 நியூட்டன் மீட்டர் வேண்டும், எஞ்சினிடம் அது கிடையாது. இரண்டாவதுக்கு இறங்கி 40இல் ஏறினால் 1,750 ஆர்பிஎம்மில் 260 போதும். லீவரை ‘2’இல் போட்டு ஏறுங்கள். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள், அதற்காக மிதிக்கவேண்டாம்.

திருக்கொண்டியாமடுவில் திரும்பி வெலிக்கந்தை, பொலநறுவை, ஹபரணை என்று கொழும்புக்குப் போகும் வழி ட்ரெயிலருக்கு மிக இலகுவானது. தூரம் கூடினாலும் பாரம் உள்ளவர்கள் அந்த வழியாகப் போவதே புத்தி.

எத்தனை கிலோவுக்கு மேல் என்றால் எடுக்கவேண்டும்?

கிலோவை விட வீதியும் காற்றும்தான் தீர்மானிக்கும். இருந்தாலும் ஒரு எண் வேண்டுமென்றால், ட்ரெயிலரும் சாமானும் சேர்ந்து ஒரு தொன்னைத் தாண்டினால் ஓவர்டிரைவை எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். தட்டையான வெளிக்கு வந்து, வேகம் நிலைத்து, பொக்ஸ் அமைதியாக இருப்பதைக் கண்ட பிறகு போடுங்கள். போட்டுப் புறப்பட்டு, பிறகு பிரச்சினை வரும்போது எடுப்பதை விட இது பாதுகாப்பு.

என்னுடைய ட்ரெயிலரின் நிறை எனக்குத் தெரியாது. எப்படிக் கணிப்பது?

நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கும். சாமான் ஏற்றியபடி ட்ரெயிலரைக் கழற்றித் தனியாக நிறுத்துப் பாருங்கள். ஒருமுறை நிறுத்தால் போதும், வருடக்கணக்கில் உதவும்.

தராசு இல்லாதபோது: தண்ணீர் ஒரு லீட்டர் ஒரு கிலோ. 2,000 லீட்டர் பவுசர் என்றால் தண்ணீர் மட்டும் 2 தொன், தாங்கியும் சட்டமும் வேறு. அதிலும் அரைவாசி நிரப்பிய பவுசர் முழுதாக நிரப்பியதை விடப் பொல்லாதது. தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து கெப்பைத் தள்ளும், பொக்ஸும் அந்தத் தள்ளலுக்கு ஏற்பக் கியர் மாற்றும். நிரப்பினால் முழுதாக நிரப்புங்கள், அல்லது உள்ளே தடுப்புத் தகடு வைத்த தாங்கியைப் பாவியுங்கள்.

மணல் ஒரு கியூப் என்றால் 100 கன அடி, ஏறக்குறைய 4.5 தொன். எந்த கெப்பும் அதை இழுக்க உரியதல்ல, ஓவர்டிரைவை எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி. கால் கியூப்தான் எல்லை, அதுவும் பிரேக் உள்ள ட்ரெயிலரில்.

என்னுடையது கையால் மாற்றும் கியர். எனக்கு ஓவர்டிரைவ் இருக்கிறதா?

இருக்கிறது, ஐந்தாவது கியர்தான் அது. ஹைலக்ஸில் வந்த ஆர்151 பொக்ஸில் நான்காவது 1.00, ஐந்தாவது 0.838. ஆறு கியர் வண்டி என்றால் பெரும்பாலும் ஐந்தும் ஆறும் ஓவர்டிரைவ்.

உங்களுக்குத் தேடல் இல்லை, கியரை நீங்கள்தான் மாற்றுகிறீர்கள். உங்கள் ஆபத்து வேறு: ஐந்தாவதில் 1,300இல் போய்க்கொண்டே மேட்டுக்கு மிதிப்பது. எஞ்சின் தடதடக்கும், கறுப்புப் புகை வரும், புகைபோக்கிப் பக்கச் சூடு ஏறும். இரட்டைத் திண்மச் சில்லு (எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையில் சுருள்வில் வைத்த இரட்டைப் பறப்புச் சில்லு) பொருத்திய வண்டிகளில் அதன் சுருள்வில்கள் இந்த அதிர்ச்சியில்தான் தளர்கின்றன. பாரத்தோடு ஐந்தாவதில் 1,800க்குக் கீழே மிதிக்கவேண்டாம், நான்காவதுக்கு இறங்குங்கள். பல பொக்ஸ்களில் ஐந்தாவது கியரின் பற்சில்லுகள் பின் முனையில், மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கும். ஒயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். ஐந்தாவதில் மட்டும் ‘ஊ’ என்று சத்தம் கேட்டால், ட்ரெயிலரைக் கொழுவுமுன் பொக்ஸ் ஒயிலைப் பாருங்கள். பக்கத்து நிரப்பு ஆணியைக் கழற்றினால் விரல் நுனிக்கு ஒயில் தட்டவேண்டும்.

புதிய வண்டியில் பொத்தானையே காணோம். என்ன செய்வது?

ஆறு கியர், பத்துக் கியர் பொக்ஸ்களில் தனிப் பொத்தான் கிடையாது. லீவரைப் பக்கத்துக்குத் தள்ளி ‘எஸ்’ அல்லது ‘எம்’ நிலைக்குக் கொண்டுபோய், மைனஸ் பக்கம் தட்டி மேல் கியர்களை விலக்கவேண்டும். எந்தக் கியர் வரை விலக்குவது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். ஹைலக்ஸ் ரெவோவின் ஆறு கியர் ஓட்டோவில் நான்காவதுதான் 1.00. ஐந்தாவது 0.687, ஆறாவது 0.58. ஆறாவதை மட்டும் விலக்கினால் பாதி வேலைதான், ஐந்தாவதும் நல்ல உயரமான ஓவர்டிரைவ். மேட்டுக்கு ‘4’ வேண்டும். ஃபோர்ட் ரேஞ்சரின் 3.2 லீட்டர் ஆறு கியர் ஓட்டோவில் நான்காவது 1.14, ஐந்தாவது 0.87, ஆறாவது 0.69. அங்கே தட்டையில் ‘5’ பாரத்துக்குப் பொருந்தும், மேட்டுக்கு ‘4’.

டொயோட்டாவில் ‘எஸ்’ நிலையில் காட்டும் எண் போகக்கூடிய உச்சக் கியர். ‘4’ என்று இருந்தால் 1 முதல் 4 வரை பொக்ஸ் தானே மாற்றும். வேறு சில வண்டிகளில் அந்த எண் அப்போது பிடித்திருக்கும் கியரேதான், நீங்கள் மாற்றாவிட்டால் அதிலேயே நிற்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று வெறும் வண்டியில் பழகிக்கொள்ளுங்கள்.

‘பவர்’ பொத்தானை அழுத்தினால் போதாதா?

போதாது. அது கியர் ஏறுவதைப் பிந்த வைக்கும், ஓவர்டிரைவைப் பூட்டாது.

இறக்கத்தில் என்ன செய்யவேண்டும்?

இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஓவர்டிரைவில் இறங்கினால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. டீசல் எஞ்சினுக்கு இயல்பிலேயே பிடிப்புக் குறைவு, அதில் 0.7 கியரும் சேர்ந்தால் ட்ரெயிலர் தள்ளத் தள்ள நீங்கள் பிரேக்கிலேயே தொங்கவேண்டியதுதான். பிரேக் ஒயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், கை வைக்க ஒன்றும் இருக்காது. புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை 205 பாகை. ஈரம் உறிஞ்சிப் பழசானால் அது 140 வரை இறங்கும். டொட் 4இல் அவை 230, 155. எங்கள் கரையோர ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே பிரேக் ஒயிலை வைத்துக்கொண்டு மலை இறங்கக் கூடாது.

இறக்கம் தொடங்கும் முன், மேலே தட்டையாக இருக்கும்போதே வேகத்தை 30, 35க்குக் கொண்டுவாருங்கள். ஓவர்டிரைவை எடுத்து லீவரை ‘2’இல் போடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய கணக்கு இங்கே சரிவரும். எஞ்சின் 3,000 ஆர்பிஎம் வரை கத்தினாலும் பயப்படவேண்டாம், சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அதற்கு ஒன்றும் ஆகாது. வேகம் 40ஐத் தாண்டினால் பிரேக்கை உறுதியாக மிதித்து 30க்குக் கொண்டுவந்து முழுதாக விட்டுவிடுங்கள். மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போனால் தட்டுகள் ஆறவே நேரம் கிடைக்காது. பசறையிலிருந்து லுணுகலைக்கு இறங்கும்போதும், ஹுன்னஸ்கிரியவிலிருந்து பதினெட்டு வளைவில் இறங்கும்போதும், பேரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கும்போதும் இதுதான் முறை.

கருகிய மணம் வந்தால் நிறுத்துங்கள். சில்லுகளுக்குக் கல் வையுங்கள், சூடான ட்ரம்மைக் கைபிரேக்கால் இறுக்கவேண்டாம். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும்.

ஓடும்போதே பொத்தானை அழுத்தலாமா?

அழுத்தலாம். 80இல் அழுத்தினாலும் 1,600இலிருந்து 2,300க்குத்தான் ஏறும். மழை நாளில் மட்டும் கவனம். நனைந்த தார் வீதியில், அதுவும் வளைவுக்குள், காலை எடுத்த நிலையில் அழுத்தினால் பின் சில்லுகள் திடீரென்று பிடிபட்டு வழுக்கும். பின்னாலிருந்து ட்ரெயிலர் தள்ளும், கெப் குறுக்கே திரும்பிவிடும். வளைவுக்கு முன்னரே, அக்ஸிலேட்டரில் கொஞ்சம் கால் இருக்கும்போதே அழுத்துங்கள்.

ஓவர்டிரைவை எடுத்தால் டீசல் கூடக் குடிக்குமே?

தட்டையான வீதியில், பாரம் குறைவென்றால், ஆம். எஞ்சின் கூடச் சுற்றுகிறது, உராய்வு கூடுகிறது. ஆனால் தேடிக்கொண்டே ஓடும் பொக்ஸும், லொக்-அப் பிடிக்காத கன்வேட்டரும் தின்னும் டீசலைப் பார்த்தால் மேட்டில் வித்தியாசம் ஒன்றும் மிஞ்சாது. ஒரு பொக்ஸைத் திருத்தும் செலவுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுவதிலும் அர்த்தம் இல்லை.

ஒயில் சூடாகிவிட்டதா என்று எப்படி அறிவது? சூடானால் என்ன செய்வது?

டெஷ்போட்டில் இருக்கும் ஊசி எஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். பொக்ஸ் ஒயில் கருகினாலும் அது அசையாது. எச்சரிக்கை விளக்கு எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஓபிடி துளையில் (ஸ்கேனர் செருகும் இடத்தில்) செருகும் புளூடூத் கருவி ஒன்றை வாங்கிப் போனில் பாருங்கள். பல வண்டிகளில் பொக்ஸ் ஒயிலின் வெப்பம் அதில் தெரியும்.

80 முதல் 95 பாகை வரை நல்லது. நீண்ட ஏற்றத்தில் 110 வரை ஏறலாம், உச்சிக்குப் போனதும் இறங்கவேண்டும். 120ஐத் தொட்டால் கியரைக் குறைத்து வேகத்தையும் குறையுங்கள். 130 என்றால் ஒதுக்கி நிறுத்துங்கள். நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கவேண்டாம். ‘பி’யில் போட்டு ஆர்பிஎம்மை 1,000, 1,200இல் பிடித்து வையுங்கள். எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் ஒயில் கூலருக்குப் போய் ஆறும். ஐந்து, பத்து நிமிடத்தில் 100க்குக் கீழ் வரும்.

மேட்டில் நிற்கவேண்டி வந்தால் அக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்கவேண்டாம், பிரேக்கைப் பாவியுங்கள். ‘டி’யில் நின்ற இடத்தில் மிதித்துக்கொண்டிருப்பதை விட வேகமாக ஒயிலைக் காய்ச்சும் வழி வேறில்லை.

ஒயிலை எப்போது மாற்றுவது? கூலர் பூட்டவேண்டுமா?

மாதத்தில் பல தடவை பாரம் இழுக்கும் வண்டிக்கு 40,000 கி.மீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். ‘ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை’ என்பது ட்ரெயிலர் இழுக்காதவருக்குச் சொன்னது. அளவுக்கோல் உள்ள பொக்ஸ் என்றால் வண்டி நன்றாகச் சூடாகிய பிறகு, மட்டமான இடத்தில், எஞ்சின் ஓடும்போது, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் ‘பி’க்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள். பஞ்சு உதிராத வெள்ளைத் துணியில் துடைத்தால் சிவப்பாக இருக்கவேண்டும். கபிலமாகிக் கருகிய மணம் வந்தால் தட்டுகள் தேயத் தொடங்கிவிட்டன. அளவுக்கோல் இல்லாத பொக்ஸில் ஒயிலின் வெப்பத்தைப் பார்த்து, அடியில் உள்ள வழிவு ஆணி வழியாகத்தான் மட்டம் பார்க்கமுடியும். அதைத் தெரிந்த கராஜில் மட்டும் கொடுங்கள். ஒயிலின் வகை முக்கியம்: டப்ளியூஎஸ் கேட்கும் டொயோட்டாவுக்கு டெக்ஸ்ரோன் 3ஐ ஊற்றக் கூடாது.

பொக்ஸ் ஒயில் ரேடியேட்டரின் உள்ளே இருக்கும் சிறு குழாயில்தான் ஆறுகிறது. அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வீதிகளில் ஓடும் வண்டியின் ரேடியேட்டரைப் பாருங்கள். வைக்கோல் துகளும் பதரும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பாயாக அடைத்திருக்கும். முன்பக்கத்தால் பார்த்தால் தெரியாது. மேல் பிடிப்புகளைக் கழற்றி இரண்டையும் கொஞ்சம் விலக்கி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே வரும்படி மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடியுங்கள். பவர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடியும். இதைச் செய்தாலே பல வண்டிகளில் பத்துப் பாகை குறைந்துவிடும்.

அதற்குப் பிறகும் 110ஐத் தாண்டினால் தனிக் கூலர் பூட்டுங்கள். ரேடியேட்டரிலிருந்து வெளியே வரும் ஒயில் குழாயில், பொக்ஸுக்குத் திரும்பும் வழியில் அதைச் சேர்க்கவேண்டும். ஒயிலுக்கென்றே செய்த ரப்பர் குழாயைப் பாவியுங்கள், டீசல் குழாய் சூட்டில் வெடிக்கும். ரேடியேட்டரில் ஒயில் குழாய் வெடித்துத் தண்ணீரும் ஒயிலும் கலந்தால், இளஞ்சிவப்புக் கூழ் நிரப்பு வாயில் தெரியும். அதைக் கண்டால் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், தூக்கிக்கொண்டுபோங்கள்.

ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் வேண்டுமா?

பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு இந்த வகை கெப்களின் கையேடுகள் தரும் எல்லை பெரும்பாலும் 750 கிலோ. அதற்கு மேல் ட்ரெயிலருக்கே பிரேக் இருக்கவேண்டும். கொழுவும் போலில் (உருண்டையில்) விழும் பாரம் ட்ரெயிலர் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும். பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் ஆடும். ஆடத் தொடங்கினால் பிரேக் அடிக்காமல் காலை எடுத்து ஸ்டியரிங்கை நேரே பிடித்து வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

கடற்கரை மணலில் படகு இறக்கும்போது ஓவர்டிரைவ் எப்படி இருக்கவேண்டும்?

அந்த வேகத்தில் நான்காவது கியர் வரவே வராது, பொத்தானைப் பற்றி யோசிக்கவேண்டாம். 4எல்லில் (நான்கு சில்லும் இழுக்கும் தாழ் வேக நிலையில்) போட்டு, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, மெதுவாக எடுங்கள். தாருக்கு ஏறியதும் முதலில் 2எச்சுக்கு (இரண்டு சில்லு மட்டும் இழுக்கும் சாதாரண நிலைக்கு) மாற்றி, காற்றடித்துவிட்டுப் புறப்படுங்கள். பல கெப்களில் நான்கு சில்லும் பூட்டிய நிலையில் காய்ந்த தாரில் வளைத்தால் முன் பக்கப் பற்சில்லுகள் திருகி நிற்கும்.

‘ஓ/டி ஓஃப்’ விளக்கு தானாக மின்னிக்கொண்டிருக்கிறது. அழுத்தியும் நிற்கவில்லை.

டொயோட்டாவில் அது பொத்தான் சம்பந்தப்பட்டதல்ல. பொக்ஸின் கணினி ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்து வைத்திருக்கிறது. சொலனொயிட் (பொக்ஸுக்குள் ஒயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு), வேக உணரி, கம்பி இணைப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். கடல் உப்புப் பிடித்த இணைப்புகள் இந்தக் கரையில் அடிக்கடி வரும் காரணம். பொக்ஸின் பக்கவாட்டில் உள்ள இணைப்புகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், இணைப்புச் சுத்திகரிப்பான் அடித்துக் காயவைத்துத் திரும்பப் பூட்டுங்கள். ஸ்கேனரில் குறியீட்டை வாசிக்கும் முன் அதை அழிக்கவேண்டாம். குறியீடு இல்லாமல் பொக்ஸை இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடவேண்டாம். விளக்கு மின்னும் வரை ட்ரெயிலரைக் கழற்றி வையுங்கள்.